இரும்புப் பெட்டியும் இரும்பில்லாப் பெட்டியும்

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலையில் நீங்கள் என்றைக்காவது பஸ்ஸில் பிரயாணம் செய்ததுண்டா? வலது கைப் பக்கம் கடல். அலை வந்து கருங்கற்களில் மோதிச் சிதறும் அழகைப் பார்க்கலாம். இடது கைப் பக்கம் பார்த்தீர்களானால், லாரி, லாரி, லாரி! ஒவ்வொரு லாரியின் முதுகிலும் ஒரு இரும்புப் பெட்டி. சிவப்பு, நீலம், பச்சை என்று தீப்பெட்டிகளை அடுக்கினாற் போல் வரிசை நின்றுகொண்டே இருக்கும். கண்டக்டர் டிக்கெட் கொடுத்து முடித்து, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழுந்திருப்பார்; வரிசை தீர்ந்திருக்காது.

அந்தப் பெட்டிக்குப் பெயர் கண்டெய்னர். இது உங்களுக்குத் தெரியும். ஆனால் அதே பெயரில் இன்னொரு பெட்டி இருக்கிறது. அதற்கு எடை கிடையாது, துரு ஏறாது, லாரி வேண்டாம், கப்பல் வேண்டாம். கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும். உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ கம்ப்யூட்டர் படிப்புப் படித்துவிட்டு உத்தியோகம் தேடுகிறவர்களாயிருந்தால், "டாக்கர் தெரியுமா?" என்ற கேள்வியை இன்று நேர்முகத் தேர்வில் சந்திக்காமல் இருக்க முடியாது. டாக்டர் அல்ல, டாக்கர்!

போன மாதம் ஒரு சனிக்கிழமை எண்ணூர் போயிருந்த இடத்தில் இந்த இரண்டு பெட்டிகளையும் ஒரே வீட்டில் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

மூன்று தலைமுறை

பள்ளி ஆசிரியையான என் சிநேகிதி தன் பக்கத்து வீட்டுக்கு என்னை அழைத்துப் போனாள். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. தலைவாசலில் மாக்கோலம். குடும்பத் தலைவர் டிரெய்லர் லாரி ஓட்டுகிறவர். மகள் கம்ப்யூட்டர் சயின்ஸில் பட்டம் வாங்கிவிட்டு ஒரு வருஷமாக வேலை தேடுகிறாள். அவள் முன்னால் ஒரு லாப்டாப் திறந்திருந்தது. ரிச்சி தெருவில் பழையதாக வாங்கியது. அதற்காகத் தாயாரின் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயிருந்தன.

"திங்கட்கிழமை காலையில பரீட்சை, அக்கா. அவங்க அனுப்புற வேலையை நம்ம மெஷின்லேயே டாக்கர் போட்டு ஓட்டிக் காட்டணுமாம். அந்த டாக்கரே இன்னும் ஏற மாட்டேங்குது" என்றாள் பெண். மூன்று நாளாக முயல்கிறாளாம். கண்ணில் தண்ணீர் தளும்பி நின்றது.

"பொட்டி ஏத்துறதுன்னா எங்கிட்டக் கேக்க வேண்டியதுதானே!" என்று தகப்பனார் சிரித்தார். பேச்சை இலேசாக்குவதற்காகச் சொன்னாரே தவிர, அவர் முகத்திலும் கவலை இல்லாமல் இல்லை.

அவருடைய தகப்பனார் சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ராயபுரத்திலிருந்து விடியற்காலையில் நடந்து போய், கொக்கி ஒன்றைக் கையில் பிடித்து, கப்பல் வயிற்றிலிருந்து சாக்கு சாக்காக இறக்கியவர். அப்படிப்பட்ட துறைமுகத் தொழிலாளிக்கு இங்கிலாந்தில் வழங்கும் பெயர் என்ன தெரியுமா? 'டாக்கர்'! அந்தப் பெண் ஏற்ற முடியாமல் தவித்த மென்பொருளின் பெயர், அவளுடைய தாத்தாவின் உத்தியோகம்.

லாரிக்காரர் செய்த புரட்சி

முதலில் இரும்புப் பெட்டியின் கதையைப் பார்த்துவிடுவோம். அதைப் புரிந்துகொண்டால் மற்றது தானே விளங்கும்.

ஒரு காலத்தில் கப்பலில் சரக்கு ஏற்றுவதென்றால், மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி, இரும்புக் கம்பி எல்லாவற்றையும் தனித்தனியாகத் தூக்கி, ஒன்றோடொன்று உரசாமல் அடுக்க வேண்டும். நாட்கணக்கில் கப்பல் துறைமுகத்திலேயே கிடக்கும். அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்ற லாரிக் கம்பெனிக்காரர், "சரக்கை ஏன் ஒவ்வொன்றாய்த் தொட வேண்டும்? பெட்டியோடு தூக்கி வைத்தால் என்ன?" என்று கேட்டார். 1956 ஏப்ரல் 26-ம் தேதி, 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளுடன் நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. முன்பு ஒரு டன் சரக்கு ஏற்ற 5 டாலர் 83 சென்ட் ஆன இடத்தில், இப்போது 16 சென்ட்கூட ஆகவில்லை என்று கணக்குப் பார்த்தார்கள்.

இதில் சூட்சுமம் பெட்டியில் இல்லை. பெட்டியின் அளவில் இருக்கிறது. உலகம் முழுவதும் ஒரே அளவு: இருபதடி அல்லது நாற்பதடி நீளம், எட்டடி அகலம். மூலைகளில் ஒரே மாதிரியான பூட்டு வாய். உள்ளே இருப்பது பொம்மையா, மருந்தா, மோட்டார் உதிரியா என்று கிரேன்காரருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

இந்தியாவில் கண்டெய்னருக்கென்றே அமைந்த முதல் முனையம் 1983-ல் சென்னைத் துறைமுகத்தில்தான் வந்தது. எண்ணூர்த் துறைமுகத்தை 2001 பிப்ரவரி 1-ம் தேதி பிரதமர் வாஜ்பாய் நாட்டுக்கு அர்ப்பணித்தார். அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்குவதுதான் அதன் முதல் வேலை. 2014-ல் அதற்குக் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாற்றினார்கள். பிற்பாடு கண்டெய்னர் முனையமும் சேர்ந்தது.

பெட்டி வந்தது; மூட்டை தூக்கியவர்களின் வேலை குறைந்தது. தாத்தாவின் கொக்கிக்கு வேலை இல்லாமற் போயிற்று. மகன் ஸ்டீரிங்கைப் பிடித்தார். பேத்தி இப்போது கீ போர்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

ஒண்டுக் குடித்தனம்

சரி, கம்ப்யூட்டருக்குள் பெட்டி எதற்கு?

உங்கள் தாயார் வைக்கும் ரசம் பிறந்த வீட்டில் தேவாமிர்தமாக இருக்கும். அதே பொடியைப் புக்ககத்துக்கு எடுத்துப்போய் வைத்தால் ஏதோ ஒன்று குறையும். தண்ணீர் வேறு, புளி வேறு, பாத்திரம் வேறு. கம்ப்யூட்டர் நிரல்களுக்கும் இதே சங்கடம். எழுதியவருடைய மெஷினில் ஜோராக ஓடும், இன்னொருவருடையதில் படுத்துவிடும். அங்கே இருந்த ஒரு துணை நிரல் இங்கே பழையதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஆகவே, பொடி, புளி, ஈயச் சொம்பு எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டால்? போகிற இடத்தில் அடுப்பு மட்டும் இருந்தால் போதும். அதுதான் இந்தக் கண்டெய்னர்.

அந்த அடுப்பு எது? லினக்ஸின் கெர்னல் என்னும் கருப்பகுதி. 1991-ல் ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற இளைஞர் எழுதத் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். நம் சென்னையிலேயே சி-டாக் நிறுவனத்தார் அதைக் கொண்டு 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை உருவாக்கினார்கள்.

திருவல்லிக்கேணியிலோ மயிலாப்பூரிலோ ஒண்டுக் குடித்தனம் இருந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது சுலபமாகப் புரியும். ஒரே வீடு, எட்டுக் குடித்தனம். கிணறு ஒன்று, முற்றம் ஒன்று. ஆனால் அவரவர் அறைக்கு அவரவர் கதவு. ஒரு வீட்டுக் குழம்பு இன்னொரு வீட்டுக்குத் தெரியாது. இந்தச் சுவருக்கு லினக்ஸில் 'நேம்ஸ்பேஸ்' என்று பெயர். "உனக்கு இத்தனை வாளித் தண்ணீர்தான்" என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்வாரே, அதற்கு 'ஸி-குரூப்' என்று பெயர். கூகிள் என்ஜினீயர்கள் தொடங்கிய இந்த வேலை 2008-ல் லினக்ஸில் சேர்ந்தது.

இதற்கு முன்பும் வேறொரு வழி இருந்தது, இன்றும் இருக்கிறது: 'விர்ச்சுவல் மெஷின்'. அது தனிக் குடித்தனம். தனி வீடு, தனிக் கிணறு, தனி மோட்டார். சௌகரியம்தான், ஆனால் செலவு அதிகம், இடமும் அதிகம். ஒண்டுக் குடித்தனத்தில் எட்டுக் குடும்பம் வாழும் இடத்தில் தனி வீடு இரண்டு கட்டினால் பெரிது.

சுவரும் வாளிக் கணக்கும் முன்பே இருந்தன. ஆனால் அவற்றைப் பயன்படுத்துவது சாமானியருக்குப் பிரம்மப் பிரயத்தனம். 2013 மார்ச்சில், ஸாலமன் ஹைக்ஸ் என்பவர் அமெரிக்காவில் ஸாண்டா கிளாராவில் நடந்த பைத்தான் மகாநாட்டில் மேடையேறி, ஐந்து நிமிஷத்தில் டாக்கரைக் காட்டினார். நாலு வார்த்தை தட்டினால் பெட்டி தயார்! அன்று பிடித்த ஓட்டம் இன்னும் நிற்கவில்லை. முதுகில் கண்டெய்னர்களை அடுக்கிச் சுமந்து நீந்தும் நீலத் திமிங்கிலம்தான் அதன் முத்திரை.

கொல்லையில் ஒரு தனி வீடு

இனி, அந்தப் பெண்ணின் கஷ்டத்துக்கு வருவோம்.

டாக்கரில் இரண்டு விதம் உண்டு. ஒன்று 'டாக்கர் என்ஜின்'. இதில் படமோ பொத்தானோ கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். இன்னொன்று 'டாக்கர் டெஸ்க்டாப்'. அழகான ஜன்னல், பொத்தான், பட்டியல் எல்லாம் உண்டு. வெகு நாளாக விண்டோஸுக்கும் மாக்குக்கும் மட்டும் இருந்த டெஸ்க்டாப், 2022 மே மாதத்தில் லினக்ஸுக்கும் வந்தது.

இதிலே ஒரு வேடிக்கை. விண்டோஸில் லினக்ஸ் அடுப்பு இல்லை. ஆகையால் டெஸ்க்டாப் அங்கே ஒரு சிறிய தனி வீடு கட்டி அதில் லினக்ஸை வைத்து, அதற்குள் பெட்டிகளை வைக்கிறது. நியாயம். ஆனால் லினக்ஸிலும் அதே மாதிரி தனி வீடுதான் கட்டுகிறது! எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்பது ஒரு காரணம். பெட்டிக்குள் நடக்கும் ரகளை பெரிய வீட்டுக்கு எட்டக் கூடாது என்பது இன்னொன்று. கிணறு வீட்டிலேயே இருக்க, கொல்லையில் இன்னொரு வீடு கட்டி இன்னொரு கிணறு தோண்டுகிறாற் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்தப் பெண் யாரோ காட்டிய வீடியோவைப் பார்த்து டெஸ்க்டாப்பை ஏற்ற முனைந்திருக்கிறாள். முதல் நாள் அது எழுந்திருக்கவே மறுத்தது. தனி வீடு கட்டுவதற்குப் பிராசஸரின் அனுமதி வேண்டும். 'விர்ச்சுவலைசேஷன்' என்ற அந்த அனுமதி, மெஷினின் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதை மூட்டினாள். இரண்டாம் நாள் மறுபடி ஏற்றினாள். எல்லாம் முடிந்து கடைசியில் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று ஒரு வரி வந்து நின்றது. பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்துவிட்டாள்! டவுன்லோடு செய்த கோப்பை நேரடியாக ஏற்றும்போது ஆப்ட் என்ற நிறுவி அப்படி ஒரு வரி எழுதுவது வழக்கம்; அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று டாக்கர் கம்பெனியின் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. கையேட்டைப் படிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? மிக்ஸி வாங்கினால் நாம் படிக்கிறோமா?

மூன்றாம் நாள் ஏறியேவிட்டது. ஆனால் மெஷினில் இருந்த ஞாபக சக்தி 4 ஜி.பி. தான். டெஸ்க்டாப்புக்குக் குறைந்தபட்சம் அவ்வளவாவது வேண்டும். கொல்லை வீட்டுக்குப் பங்கு கொடுத்த பிறகு பெரிய வீட்டுக்கு என்ன மிஞ்சும்? விசிறி அரவை மில் மாதிரி இரைந்தது. எழுத்து ஒன்று தட்டினால், அது திரைக்கு வருவதற்குள் ஒரு வாய் காப்பி குடித்துவிடலாம்.

அந்த நிலையில்தான் நான் போய்ச் சேர்ந்தேன்.

பழைய விலாசம்

"ஏம்மா, இருபதடிப் பொட்டிய ஏத்த நாப்பதடி டிரெய்லர் எதுக்கு? சின்ன வண்டி போதாதா?" என்று கேட்டார் தகப்பனார், டீயை ஆற்றிக்கொண்டே.

பெண் அவரைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று வேலையில் இறங்கினாள். டெஸ்க்டாப்பை நீக்கினாள். டாக்கர் கம்பெனியின் களஞ்சியத்தை அதன் கையொப்பச் சாவியோடு உபுண்டு லினக்ஸில் பதிவு செய்து, என்ஜினை மட்டும் ஏற்றினாள். பத்து நிமிஷத்தில் முடிந்தது. சோதனைக்கென்றே 'ஹலோ-வேர்ல்டு' என்று ஒரு குட்டிப் பெட்டி உண்டு. அதை அழைத்தாள்.

வரவில்லை! 'டாக்கரோடு தொடர்பு கொள்ள முடியவில்லை' என்று பதில். தாயார் சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். யாரும் பேசவில்லை.

ஆனால் இதே கட்டளையை 'ஸுடோ' என்ற சொல்லைச் சேர்த்து, அதாவது வீட்டு எஜமானரின் அதிகாரத்தோடு கொடுத்தால் வேலை செய்தது. இது என்ன மர்மம்? எஜமானர் கூப்பிட்டால் வருகிறது, வீட்டுப் பெண் கூப்பிட்டால் வரவில்லை!

இந்த முறை அவள் வீடியோவைத் தேடவில்லை. கையேட்டைத் திறந்து, டெஸ்க்டாப்பை நீக்கும் முறை என்ற பகுதியை வரிவரியாகப் படித்தாள். விஷயம் அகப்பட்டது. டெஸ்க்டாப் காலி செய்துவிட்டுப் போனாலும், அவளுடைய கணக்கிலிருந்த ஒரு சின்னக் கோப்பில் இரண்டு வரிகளை விட்டுவிட்டுப் போயிருந்தது. ஒன்று, பெட்டிகளைத் தேட வேண்டிய விலாசம். இன்னொன்று, சாவிக்கொத்து யாரிடம் என்பது. இரண்டும் இடிந்துபோன கொல்லை வீட்டையே காட்டிக்கொண்டிருந்தன. தபால்காரர் பழைய விலாசத்துக்கே கடிதத்தை எடுத்துப் போனால் பதில் எப்படி வரும்? எஜமானரின் கணக்கில் அந்த வரிகள் இல்லை. அதனால்தான் அவருக்கு மட்டும் பதில் வந்தது.

இரண்டு வரிகளையும் கையாலேயே அழித்தாள். தன் பெயரை 'டாக்கர்' என்ற குழுவில் சேர்த்தாள். ஒரு முறை வெளியேறி உள்ளே வந்து, மறுபடி அழைத்தாள். திரையில் ஆங்கிலத்தில் வரிகள் ஓடின. வணக்கம் சொல்லி, நிறுவியது சரியாக வேலை செய்வதாகத் தெரிகிறது என்று அறிவித்தது அந்தக் குட்டிப் பெட்டி.

"வந்துடுச்சு, நைனா!" என்று கூவினாள். தாயார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுப்பில் குழம்பு தீய்ந்துகொண்டிருந்ததை முதலில் கவனித்தவள் என் சிநேகிதிதான்.

வீட்டில் செய்ய விரும்புகிறவர்களுக்கு

உங்கள் வீட்டிலும் யாராவது இந்த வேலையில் இறங்கினால், எண்ணூரில் நான் கற்ற பாடங்களைச் சொல்லிவிடுங்கள்.

முதலாவது, மெஷினின் சக்தியைப் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஞாபக சக்தி தாராளமாக இருந்து, படமும் பொத்தானும் வேண்டுமானால் டெஸ்க்டாப். சிக்கனம் வேண்டுமானால் என்ஜின். பெட்டிகள் இரண்டிலும் ஒன்றே.

இரண்டாவது, இரண்டையும் ஒரே மெஷினில் வைத்துக்கொண்டால், ஒன்றில் இறக்கிய சரக்கு மற்றதில் தெரியாது. "ஐயோ, எல்லாம் போய்விட்டதே" என்று அலற வேண்டாம். பெரிய வீட்டில் வைத்த பண்டத்தைக் கொல்லை வீட்டில் தேடுகிறீர்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது, டாக்கர் குழுவில் ஒருவரைச் சேர்ப்பதும் வீட்டுச் சாவியை அவர் கையில் கொடுப்பதும் ஒன்று. எஜமானரின் அதிகாரம் முழுவதும் அவருக்கு வந்துவிடும். சொந்த மெஷினில் சரி. பலர் புழங்கும் மெஷினில் யோசித்துச் செய்ய வேண்டும்.

நான்காவது, பெட்டியைத் தூக்கி எறிந்தால் உள்ளே எழுதி வைத்ததும் போய்விடும். வேண்டியதை 'வால்யூம்' என்ற வெளிப் பரணில் போட்டு வைக்க வேண்டும்.

காசு விஷயமும் தெரிந்திருப்பது நல்லது. என்ஜின் திறந்த மூலம், இலவசம். டெஸ்க்டாப் சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும் சிறு கம்பெனிகளுக்கும் இலவசம். 250 பேருக்குமேல் வேலை செய்யும் கம்பெனி, அல்லது வருஷ வரவு ஒரு கோடி டாலரைத் தாண்டிய கம்பெனி என்றால் சந்தா கட்ட வேண்டும்.

ஐந்தாவது பாடத்தைச் சொன்னவர் தகப்பனார். "யார் வேணும்னாலும் பொட்டி அனுப்பலாமா? உள்ளாற இன்னா கீதுன்னு எப்படித் தெரியும்?" என்று மகளைக் கேட்டார். "சீல் நம்பரைப் பாக்காம நான் ஒரு பொட்டியையும் ஏத்த மாட்டேன். சீல் உடைஞ்சிருந்தா, அப்புறம் போலீஸு, கஸ்டம்ஸு, எல்லாத்துக்கும் நான்தான் பதில் சொல்லணும்."

அனுபவஸ்தர் பேச்சு! இணையத்தில் யார் யாரோ கட்டி வைத்த பெட்டிகள் இலட்சக்கணக்கில் கிடக்கின்றன. திருட்டு நிரலை உள்ளே ஒளித்து வைத்த பெட்டிகளும் அவற்றில் அகப்பட்டிருக்கின்றன. அதிகாரபூர்வமான முத்திரை உள்ளதையே எடுக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சந்தேகிக்க வேண்டும்.

நான் புறப்படும்போது இருட்டிவிட்டது. தகப்பனாருக்கு இரவு டூட்டி. லாரியின் நான்கு மூலைப் பூட்டுகளையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "எங்கப்பா மூட்டையத் தூக்கினாரு. நான் பொட்டியத் தூக்குறேன். இது எடையே இல்லாத பொட்டியத் தூக்கப் போவுது. முதுகு வலி இல்லாம இருந்தா சரி" என்றார்.

பரீட்சை என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? முதல் சுற்றில் அந்தப் பெண் தேறிவிட்டாள். அடுத்த சுற்றுக்கு அழைப்பு வந்திருக்கிறது. வளையல்கள் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கின்றன. ஆனால் வட்டியை இந்த மாதம் தானே டியூஷன் சொல்லிக் கொடுத்துக் கட்டிவிட்டதாக என் சிநேகிதிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.